மரம் ஏன் திட்டுத் திட்டாக நிறம் குடிக்கிறது?

தஞ்சாவூர் வீணை ஒன்றை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கச்சேரி மேடையில் நம் கண் தந்திகளின் மேலும் யாளி முகத்தின் மேலும்தான் போகும். அடுத்த முறை வாய்ப்புக் கிடைத்தால் அவற்றை விட்டுவிட்டு, உருண்டு திரண்டு நிற்கும் குடத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிலும் ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள். பக்கங்களில் ஒரு நிறம், முனைகளில் அதைவிடக் கறுத்த நிறம், இடையிடையே தேமல் படர்ந்தாற்போலத் திட்டுகள் என்று இருக்கிறதா? அல்லது எங்கும் ஒரே சீராக இருக்கிறதா? சீராக இருந்தால், அதற்கு மெருகிட்ட ஆசாரி பௌதிகத்தில் ஒரு கடினமான கணக்கைத் தம் கையாலேயே போட்டு முடித்திருக்கிறார் என்று பொருள்.

வீணைக்குத் தஞ்சாவூரில் பயன்படுவது பலா மரம். பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் வரும். முற்றி விளைந்த அடிமரத்தைப் பிளந்து, குடத்தைக் குடைந்து, தண்டியையும் யாளியையும் செதுக்குவார்கள். மூன்றும் ஒரே கட்டையில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. எப்படியானாலும் பல நாள் உழைப்பு. நிறமும் மெருகும் இந்த உழைப்பின் கடைசிக் கட்டத்தில் வருகின்றன. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உளி தவறினால் உடனே கண்ணுக்குத் தெரியும். சாயம் தவறினாலோ அது மரத்துக்குள்ளேயே போய்விடும். மேலே துடைத்தால் வராது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மேசைப் பலகையானால் இழைப்புளியை ஓட்டி ஒரு சுருளை எடுத்துவிடலாம். வீணைக் குடத்தில் அப்படிச் செய்ய முடியுமா? குடத்துச் சுவரின் கனத்தைப் பொறுத்துத்தான் அதன் நாதம் அமைகிறது. திட்டைப் போக்கச் சுவரைச் சுரண்டினால் நாதமும் மாறும். ஆகவே முதல் தடவையே சரியாக வர வேண்டும்.

ஒரே மரம், ஒரே சாயம், ஒரே கை. பிறகு ஏன் ஓரிடத்தில் வெளுப்பும் ஓரிடத்தில் கறுப்பும்? என் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "சாயம் சரியாகக் கலக்கவில்லை" என்றுதான் முதலில் விடை வரும். நன்றாகக் கலக்கிய சாயமும் திட்டுப் போடும் என்பதே உண்மை. குற்றம் சாயத்தில் இல்லை.

வைக்கோற் கட்டும் மரமும்

நம் காவிரிக் கரை ஊர்களில் வைக்கோல் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து இறுகக் கட்டி, இரு முனைகளையும் அரிவாளால் சமமாக நறுக்கிக் கொள்ளுங்கள். இப்போது கட்டின் பக்கவாட்டில் ஒரு துளி மைத்தண்ணீர் விடுங்கள். அது தாளின் மேலேயே வழுக்கி ஓடும். அதே துளியை நறுக்கிய முனையில் விடுங்கள். உள்ளே போய் மறையும். வைக்கோற்போரை மழை கெடுக்காமல் இருப்பது எதனால் என்பதும் இதிலிருந்து விளங்கும். போர் போடத் தெரிந்தவர் தாள்களைச் சரிவாகப் படிய வைக்கிறார். மழைநீர் தாளின் முதுகின் மேல் வழிந்து தரைக்குப் போய்விடுகிறது.

மரமும் ஒரு வைக்கோற் கட்டுத்தான். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றுவதற்காக மரம் தன் உடம்பு முழுவதும் நுண்ணிய குழாய்களை அமைத்து வைத்திருக்கிறது. குழாய்களுக்கு இடையே நார்கள். எல்லாம் பெரும்பாலும் அடிமரம் நிற்கும் திசையிலேயே ஓடுகின்றன. பலாக் கட்டையைக் குறுக்கே அறுத்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இதை வெட்டு முகம் என்போம். நெடுக்காக அறுத்த பக்கத்தில் துளைகள் தெரியாது. குழாய்களின் முதுகு மட்டும் நீண்ட கோடுகளாகத் தெரியும். இது நெடுக்கு முகம். வெட்டு முகம் நீரை ஆவலோடு குடிக்கும். நெடுக்கு முகம் தயங்கித் தயங்கிக் குடிக்கும்.

இப்போது வீணைக் குடத்துக்கு வருவோம். உருண்டையான ஒரு பாத்திரத்தை ஒரே கட்டையிலிருந்து குடைந்தால் என்ன ஆகும்? கட்டையின் நார் தெற்கு வடக்காக ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பாத்திரத்தின் கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் அடிப்பாகமும் நெடுக்கு முகமாக அமையும். தெற்கு முனையும் வடக்கு முனையும் வெட்டு முகமாகிவிடும். இடைப்பட்ட இடங்களில் குழாய்கள் சாய்வாக வெட்டுப்படும். சாய்வு எவ்வளவோ அவ்வளவுக்குத் தாகம். ஆக, குடம் ஒன்றாகத் தோன்றினாலும் நீர் குடிக்கும் வகையில் அதன் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மரம் எனலாம். கொசுறாக வேறு சிலவும் உண்டு. கணு இருந்த இடத்தில் நார் வளைந்து சுற்றிப் போகும். மரத்தின் வைரப் பகுதியில் பல குழாய்கள் அடைபட்டிருக்கும். வெளிறுப் பகுதியில் திறந்தே இருக்கும். இத்தனையும் சேர்ந்துதான் தேமல்.

உறிஞ்சுவது எது?

மரத்துக்கு வாய் இல்லை, உறிஞ்சும் பம்பு இல்லை. நீரை உள்ளே இழுப்பது நுண்புழைக் கவர்ச்சி. நீர்க்குக் கண்ணாடியின் மீதும் மரநாரின் மீதும் பற்று அதிகம். ஆகவே அது குழாயின் சுவரில் ஒட்டி முன்னேறுகிறது. நீரின் பரப்பு இழுவிசை, பின்னால் இருக்கும் நீரையும் சேர்த்து இழுத்து வருகிறது. சோதனைச் சாலையில் கண்ணாடி நுண்குழாய்களை நீரில் நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். 1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நீர் சுமார் 3 செ.மீ. ஏறும். விட்டம் 0.1 மி.மீ. ஆனால் சுமார் 30 செ.மீ. ஏறும். குழாய் குறுகக் குறுக ஏற்றம் கூடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நுண்குழாய் என்றால் நிறுத்தி வைத்த கண்ணாடிக் குழாய் மட்டும்தான் என்று நாம் பழகிவிட்டோம். பலகையின் மேல் சாயம் பூசும்போது அது போகும் ஆழம் ஓரிரு மி.மீ. அளவே. அந்தச் சிறு தூரத்தில் புவியீர்ப்பு ஒரு பொருட்டே அல்ல. எவ்வளவு உயரம் ஏறும் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு விரைவில் நுழையும் என்று கேட்க வேண்டும். இதற்கான விதியை லூக்காஸ் 1918-ஆம் ஆண்டிலும், வாஷ்பர்ன் 1921-ஆம் ஆண்டிலும் தனித்தனியே எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: நீர்மம் நுழையும் தூரம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1 நிமிடத்தில் ஒரு பங்கு தூரம் போனால், 2 பங்கு போக 4 நிமிடமும், 3 பங்கு போக 9 நிமிடமும் ஆகும். குழாய் அகலமானால் வேகம் கூடும். நிறுத்திய குழாயில் குறுகியது வென்றது. படுக்கை வசத்தில் அகலமானது வெல்கிறது! நீர்மம் கஞ்சி போலக் கெட்டியானால், அதாவது பாகுநிலை கூடினால், வேகம் குறையும்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சோதித்துப் பாருங்கள். பள்ளிச் சோதனைச் சாலையில் வடிதாள் கேட்டு வாங்கி, 1 செ.மீ. அகலத்தில் நீளமான பட்டையாக நறுக்குங்கள். அதை மேசையின் மேல் ஓர் அளவுகோலை ஒட்டிப் படுக்க வையுங்கள். ஒரு முனை மட்டும் தட்டில் உள்ள மைத்தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். 1, 4, 9 நிமிடங்களில் ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். தூரங்கள் ஏறத்தாழ 1:2:3 என்று வரும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஆவியாகிக் கணக்கைக் கெடுக்கும்.

இந்த விதியில்தான் சாயம் பூசுபவரின் சங்கடமும், அவருக்குக் கிடைக்கும் கைப்பிடியும் இருக்கின்றன. சாயத்தை ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தால், வெட்டு முகத்துக்கும் நெடுக்கு முகத்துக்கும் உள்ள வேறுபாடு நிமிடத்துக்கு நிமிடம் வளரும். ஆழத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நேரத்தைப் பாதியாக்கினால் போதாது; கால் பங்காக்க வேண்டும். இதனால்தான் கைதேர்ந்தவர்கள் சாயத்தைத் தடவுவதைவிடத் துடைப்பதில்தான் அதிக அவசரம் காட்டுகிறார்கள்.

காற்றில் ஆடும் வயலும் வயலின் முதுகும்

தஞ்சாவூருக்கும் மேப்பிள் மரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். குளிர் நாடுகளிலும் இமயமலைச் சரிவுகளிலும் வளரும் அந்த மரத்தை நம் ஊரில் எங்கே காண்பது? ஆனால் நம் ஊர்களில் பல வீடுகளில் அது வயலின் வடிவத்தில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பாலுஸ்வாமி தீக்ஷிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த மேல்நாட்டு வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார்கள். வயலினின் முன்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். முதுகு, பக்கங்கள், கழுத்து, குதிரை எல்லாம் மேப்பிள். நல்ல வயலினின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். புலி வரிகள் போலக் குறுக்கே பட்டை பட்டையாக ஒளிரும். வாத்தியத்தை மெல்லச் சாய்த்தால் ஒளிர்ந்த பட்டை கறுக்கும். கறுத்த பட்டை ஒளிரும்.

இது எழுதிய கோலம் அல்ல. அந்த மரத்தின் நார்கள் நேராக ஓடாமல் அலை அலையாக வளைந்து ஓடுகின்றன. கதிர் வாங்கும் முன்பு பச்சை வயலில் காற்று வீசும்போது என்ன பார்க்கிறோம்? வெளிர் பட்டையும் கரும் பட்டையுமாக அலைகள் ஓடுகின்றன. நெற்பயிரின் நிறம் மாறவில்லை. தாள்கள் நம்மை நோக்கிச் சாயும் இடம் ஒரு விதமாகவும், விலகிச் சாயும் இடம் வேறு விதமாகவும் ஒளியைத் திருப்புகின்றன. அந்த அலையை அப்படியே உறைய வைத்து, மேலே மட்டமாகச் சீவினால் அதுதான் வரியோடிய மேப்பிள்.

சீவினால் என்ன நேரும் என்பதைக் கவனியுங்கள். அலையாக ஓடும் குழாய்களை மட்டமாக வெட்டும்போது, அலை முகட்டில் குழாய்கள் படுத்திருக்கும்; சரிவில் அவை சாய்வாக வெட்டுப்பட்டு வாய் திறந்திருக்கும். படுத்த இடம் குறைவாகவும், வாய் திறந்த இடம் அதிகமாகவும் சாயம் குடிக்கும். வீணைக் குடத்தில் பெரிய அளவில் நடந்தது இங்கே விரற்கடை அகலத்தில் மாறி மாறி நடக்கிறது.

ஆகவே ஓர் உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் அழகு என்று போற்றும் வரியும், அலங்கோலம் என்று வெறுக்கும் திட்டும் ஒரே காரணத்தால் விளைபவை. நாரின் சாய்வே இரண்டுக்கும் மூலம். சாயம் எங்கும் அணுவளவும் வேறுபடாமல் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வரியும் மறைந்துவிடும். பெயின்ட் அடித்த பலகைதான் மிஞ்சும். அப்படியே விட்டால் வரியோடு கணுவும் வெளிறும் வெட்டு முகமும் சேர்ந்துகொண்டு முகத்தில் அறையும். வேறுபாட்டை அடியோடு ஒழிப்பது அல்ல வேலை. வேண்டிய அளவோடு நிறுத்துவதுதான் வேலை.

தஞ்சாவூர் ஓவியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசி, மரத்தை முற்றிலும் மறைத்துவிட்ட பிறகே வண்ணம் எடுக்கிறார்கள். மரத்தின் முகம் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவருக்குத்தான் இந்தச் சிக்கல்.

தாகத்தை முதலில் தணி

சரி, எப்படி நிறுத்துவது? உலகெங்கும் மரவேலைக்காரர்கள் கண்டுபிடித்த வழிகள் பல. அவற்றில் முதன்மையானது, சாயம் கொடுப்பதற்கு முன்பே மரத்தின் தாகத்தைக் கொஞ்சம் தணித்துவிடுவது. மிகவும் நீர்த்த அரக்குக் கரைசலையோ, நீர்த்த வஜ்ஜிரப் பசையையோ மெல்லத் தடவிக் காய விடுவார்கள். ஆவலாகக் குடிக்கும் வாய் இந்தக் கரைசலையும் ஆவலாகவே குடிக்கும். உலர்ந்ததும் அதன் வாயில்தான் அதிக அரக்குப் படியும். குறைவாகக் குடித்த இடத்தில் குறைவாகப் படியும். எங்கே அடைப்புத் தேவையோ அங்கே தானாகவே அதிக அடைப்பு! பிறகு சாயம் தடவும்போது வேறுபாடு வெகுவாகக் குறைந்திருக்கும். கரைசல் கெட்டியாகிவிட்டால் மரம் முழுவதும் அடைபட்டு, சாயம் ஏறவே ஏறாது. நீர்த்திருப்பதில்தான் சூட்சுமம்.

இந்த யுக்தி நமக்குப் புதிதல்ல. கும்பகோணத்தை அடுத்த கருப்பூரின் கலம்காரித் துணி புகழ்பெற்றது. ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தியிலும் கலம்காரி வரைகிறார்கள். அங்கே துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து நனைத்து உலர்த்திய பின்பே எழுதுகோலை எடுக்கிறார்கள். கடுக்காய் நிறத்தைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. பாலின் கொழுப்பு, நூலிழைகளுக்கு இடையே மை கசிந்து பரவாமல் தடுக்கிறது. துணியானாலும் பலாவானாலும் மேப்பிளானாலும் நுண்புழை நுண்புழைதான்.

இத்தாலியின் கிரெமோனா நகரில் 1737-இல் மறைந்த அந்தோனியோ ஸ்த்ராடிவாரியின் வயலின்களுக்கு என்ன மெருகிட்டார்கள் என்பது நெடுங்காலம் பெரிய மர்மமாகப் பேசப்பட்டது. அவருடைய ஐந்து வாத்தியங்களிலிருந்து எடுத்த நுண்ணிய துணுக்குகளை ஆராய்ந்து, 2009-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். மந்திரம் எதுவும் இல்லை. முதலில் உலரும் தன்மையுள்ள எண்ணெய்ப் பூச்சு ஒன்று. அது மரத்துக்குள் சிறிதளவே இறங்கியிருந்தது. அதன் மேல் எண்ணெயும் பிசினும் கலந்த இன்னொரு பூச்சு. செந்நிறம் இருந்த வாத்தியங்களில் அது மேற்பூச்சில் இருந்தது. முதலில் வாயை அடை, பிறகு நிறத்தை மேலே கொடு என்பதுதான் அங்கும் முறை.

நிறத்தை மேற்பூச்சில் கொடுப்பது இரண்டாவது வழி. மெருகெண்ணெயிலோ அரக்கிலோ சாயத்தைக் கலந்துவிட்டால் அது மரத்துக்குள் போவதில்லை. கண்ணாடித் தாள் போல மேலே நிற்கும். திட்டு வராது. ஆனால் அளவு மீறினால் மரம் கலங்கித் தெரியும். இன்று பல பட்டறைகளில் எல்லாவற்றையும் பீச்சுக் குழலால் இப்படியே அடித்து முடிக்கிறார்கள். வேகமான வேலைதான். எனக்கென்னவோ, அடியில் லேசான சாயமும் மேலே லேசான நிறமுமாகச் சேர்த்துச் செய்த வேலையில் உள்ள ஆழம் அதில் வருவதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது, ஒரே தடவையில் கடுஞ்சாயம் கொடுக்காமல், நீர்த்த சாயத்தைப் பல தடவை கொடுத்து உடனுக்குடன் துடைப்பது. நான்காவது, சாயத்தையே சற்றுக் கெட்டியாக்குவது. துணியில் அச்சடிப்பவர்கள் சாயத்தில் பிசின் சேர்ப்பது இதற்குத்தான். லூக்காஸ் விதியில் பாகுநிலைக்கு உள்ள இடத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

சாயம் வேறு, நிறமி வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தேயிலைச் சாறு போன்றவை நீரில் கரைபவை; மூலக்கூறு அளவில் எந்தச் சந்திலும் நுழையும். காவிப் பொடி கரைவதில்லை. அதன் துகள்கள் நீரில் மிதந்து, பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். தேக்கு, பலா போன்ற அகன்ற குழாய் மரங்களில் காவி குழாய்களில் தங்கிக் கோடுகளை எடுத்துக் காட்டும். மேப்பிளில் துளைகள் மிகச் சிறியவை; அங்கே காவி தங்கக் கிடைப்பது உப்புத்தாள் போட்ட கீறல்கள் மட்டுமே! ஆகவே மேப்பிளுக்குச் சாயமே பொருத்தம்.

உப்புத்தாள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திட்டுகளில் ஒரு பகுதி இழைப்பின் சோம்பேறித்தனத்தால் வருவது. குறுக்கே தேய்த்த கீறல் சாயம் பட்டதும் கறுத்துக் காட்டிக் கொடுக்கும். நார் ஓடும் திசையிலேயே, முரட்டுத் தாளிலிருந்து படிப்படியாக நைசான தாளுக்குப் போக வேண்டும். வெட்டு முகத்தை மற்ற இடங்களைவிட இன்னும் நைசாகத் தேய்த்தால் அது குடிப்பதும் குறையும். பிறகு ஈரத்துணியால் மரத்தைத் துடைத்தால், நசுங்கிக் கிடந்த நுனி நார்கள் ரோமம் போல நிமிர்ந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றை லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டால், நீர்ச்சாயம் பட்டு மீண்டும் நிமிராது.

ஈரத்துணியால் துடைக்கும்போது இன்னொரு காட்சியும் தெரியும். மங்கிக் கிடந்த மரம் சட்டென்று ஆழ்ந்த நிறத்துடன், வரிகள் எல்லாம் எழுந்து நிற்கத் தோன்றும். மழையில் நனைந்த சட்டை கறுத்துத் தெரிவது போலத்தான். உலர்ந்த நாருக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் பெரிய வேறுபாடு. காற்றுக்கு 1, நாருக்கு ஏறத்தாழ 1.53. ஒவ்வொரு நார் விளிம்பிலும் வெள்ளொளி சிதறி, மேலே பால் தெளித்தாற்போல வெளுப்பை உண்டாக்குகிறது. இடைவெளியில் நீர் புகுந்தால் (1.33) சிதறல் குறைகிறது. அரக்கு புகுந்தால் (சுமார் 1.52) ஏறத்தாழ மறைந்தே போகிறது. ஒளி உள்ளே இறங்கி, மரத்தின் உண்மை நிறத்தை ஏந்திக்கொண்டு திரும்புகிறது. ஆகவே காய்ந்த சாயத்தைப் பார்த்து, "வெளுத்துவிட்டதே" என்று மேலும் மேலும் பூசாதீர்கள். ஒரு சொட்டு நீரால் நனைத்துப் பாருங்கள். அந்த நிறத்தை ஒட்டித்தான், சற்றுக் கூடுதலாக, மெருகிட்ட பிறகு தெரியும்.

பலாவில் இன்னொரு வம்பும் உண்டு. அது தன் நிறத்தைத் தானே கொண்டு வரும் மரம். அதில் உள்ள மோரின் என்னும் மஞ்சள் பொருளால்தான் புதிதாக அறுத்த பலா பொன் போல இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாச் சீவலிலிருந்து சாயம் எடுத்து வந்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு இந்தப் பொன்னிறம் பழுப்பாக மாறும். இழைத்த பலகையின் மேல் ஒரு புத்தகத்தை வைத்துச் சில வாரம் மறந்துவிட்டால், எடுத்ததும் அதன் நிழல் வெளிர் திட்டாக நிற்கும். சாயம் தொடாமலே திட்டு! இழைத்த மரத்தை எங்கும் ஒரே மாதிரி வெளிச்சம் படும்படித் திருப்பித் திருப்பி வைப்பதே இதற்கு மருந்து.

நீங்கள் செய்து பார்க்க

தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுக் கட்டை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நெடுக்கு முகமும் வெட்டு முகமும் இரண்டும் தெரிய வேண்டும். நன்கு தேய்த்து, நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் மிக நீர்த்த கோந்துத் தண்ணீரை ஒரு தடவை பூசி, ஒரு நாள் காய விடுங்கள். மறுபாதியைச் சும்மா விடுங்கள். பிறகு கடுந்தேயிலைச் சாற்றை இரு பாதிகளிலும் ஒரே நேரம் தடவி, ஒரே நேரம் துடையுங்கள். இரண்டிலும் வெட்டு முகம் நெடுக்கு முகத்தைவிட எவ்வளவு கறுக்கிறது என்று ஒப்பிடுங்கள். கோந்தின் அளவை மாற்றி மாற்றிச் செய்தால் எந்த அளவில் வரி நிற்கிறது, திட்டு போகிறது என்பது பிடிபடும். ஸ்பிரிட்டும் அரக்கும் கொண்டு செய்ய ஆசைப்பட்டால் பெரியவர் ஒருவர் துணை வேண்டும். ஸ்பிரிட் நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

அரக்கு மெருகு பற்றியும் ஒரு சொல். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டணத்தால் மெல்லிய படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். நீரில் கரைத்த சாயத்துக்கு இது நல்ல துணை; ஸ்பிரிட் அந்தச் சாயத்தைப் பெரும்பாலும் கலைப்பதில்லை. ஸ்பிரிட்டிலேயே கரைத்த சாயமானால் பொட்டணம் அதையும் இழுத்துக்கொண்டு போய், கஷ்டப்பட்டு அடக்கிய திட்டை மறுபடியும் எழுப்பிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மெருகிட்ட மரம் சில நேரம் பால் படர்ந்தாற்போல வெளுத்துப் போகும். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. வெப்பநிலை 28 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 95 சதவீதமும் உள்ள நாளில் பனிநிலை சுமார் 27 டிகிரி. மெருகின் பரப்பு ஒரு டிகிரி குளிர்ந்தாலே போதும், காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்து அரக்கோடு கலந்துவிடும். அதே வெப்பநிலையில் ஈரப்பதம் 60 சதவீதமானால் பனிநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு குளிர்ச்சிக்குப் பரப்பு போவது அரிது. வெளுத்த மெருகை, வெயில் அடிக்கும் நாளில் ஸ்பிரிட் தொட்ட பொட்டணத்தால் லேசாகத் தேய்த்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அடைமழை நாளில் அதே மரத்தின் மேல் இன்னொரு கோட்டிங் ஏற்றினால், அந்த ஈரம் அடியிலேயே சிறைப்பட்டுவிடும்.